அவளுக்கும் ஒரு வரவுத்தரு

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு மண்ணின் சபையோரே, வணக்கம். வெளிநாடு போய் உழைத்தவர்களைப் போற்ற ஏற்றது சிலையா, கூத்தா? கூத்தே என்று பேச எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துச் சிலையைச் சொன்னார். 1948இல் வந்த விண்ட்ரஷ் கப்பலில் தொடங்கி, கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் வந்திறங்கிய தலைமுறைக்கு 2022இல் வைத்த வெண்கலச் சிலை. ஆணும் பெண்ணும் பிள்ளையும் தங்கள் பயணப் பெட்டிகளுக்கு மேலே நிற்கிறார்கள். அருமையான வேலை, மறுக்கமாட்டேன். அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே வேர்விட்டார்கள்; அங்கே சிலை நிற்பது பொருத்தம். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்கள் அப்படியா போனார்கள்? பிள்ளையை அம்மம்மாவின் மடியில் விட்டுத் தனியே போனார்கள். ஒப்பந்தம் முடியத் திரும்பி வந்தார்கள்.

என் சின்னம்மா குவைத்திலிருந்து கசெட்டில் பேசி அனுப்புவா. ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்து கேட்போம். ஒருமுறை சொன்னா: "இஞ்ச ஒருத்தரும் என்ட பேரைச் சொல்லிக் கூப்பிடுறல்ல. கத்தாமா எண்டுதான், வேலைக்காரி எண்டு. அம்மா, என்ட பேரைச் சொல்லி ஒருக்கா பதிஞ்சு அனுப்புங்க." அம்மம்மா கசெட்டில் மூன்று தரம் அந்தப் பேரைக் கூப்பிட்டா. நாலாவது தரம் குரல் வரவில்லை.

அந்தப் பேரைச் சிலை சொல்லுமா? கூத்தில் எந்தப் பாத்திரமும் வந்து சும்மா நிற்பதில்லை. அரசனோ கட்டியகாரனோ, வரவுத்தரு என்ற வருகைப் பாட்டோடு ஆடி வந்து, தான் இன்னார் என்று சபைக்கு அறிவித்த பிறகே கதை நகரும்.

கூத்து இராசாக்களுக்கு உரியது என்றார்கள் எதிரணியினர். பழைய கதைகள் அப்படித்தான். ஆனால் விடியவிடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கேற்பச் சுருக்கி எடுத்தாரே, கூத்து செத்தா போனது? மெட்டும் ஆட்டமும் நம் கையில் இருக்கின்றன. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இருந்து போன முஸ்லிம் தாய்மாரின் பாட்டையும் அதில் சேர்த்தே கட்டலாம்.

நினைத்துப் பாருங்கள்: நம் கன்னன்குடா ஊரில் ஒரு வட்டக்களரி, கூத்தாடும் வட்ட மேடை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் கை வைக்கிறார், சல்லாரித் தாளம் சேர்கிறது. காலில் சலங்கை, கையில் பயணப் பெட்டி. ஒரு பெண் களரியைச் சுற்றி ஆடி வருகிறாள். முன்வரிசையில் நரைத்த தலையோடு என் சின்னம்மா இருக்கிறா. களரியில் நிற்பவள் தன் பேரையும் ஊரையும் பாடுகிறாள். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள்.

நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது அந்தக் களரியைத்தான்.