காட்டுக்குப் படியளப்பது யார்?

வணக்கம். புலி, யானை படங்களைத் திரையில் காட்டிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். என்னிடம் இருப்பது வரவு செலவுக் கணக்கு மட்டும்தான். காட்டையும் காட்டுயிர்களையும் பார்த்துக்கொள்ளும் துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கிருந்து வர வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. சலிப்பான தலைப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படியளப்பவன் பக்கம்தான் எந்தத் துறையும் முகத்தைத் திருப்பி வைத்திருக்கும். வனத்துறை மட்டும் விதிவிலக்கா?

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிட முந்தியே யோசித்தவர்கள். 1900 வாக்கில் அந்த நாட்டில் வெள்ளைவால் மான் சுமார் ஐந்து லட்சம்தான் மிஞ்சியிருந்தது என்று கணக்கிடுகிறார்கள். காட்டு வான்கோழி பல மாநிலங்களில் அடியோடு போய்விட்டது. 1937-இல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்த இருவர் பெயரால் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் என்கிறார்கள். நீண்டகுழல் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விற்பனையிலேயே 11 சதவீத வரி. கைத்துப்பாக்கிக்குப் பிற்காலத்தில் 10 சதவீதம் சேர்த்தார்கள். வசூலாகும் தொகை பொதுக் கஜானாவில் கலக்காமல் மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குப் போகும். செலவில் நான்கில் மூன்று பங்கு வரை இந்த நிதி தரும், மீதியை மாநிலம் போட வேண்டும்.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. வேட்டை உரிமக் கட்டணமாக வாங்கும் பணத்தைக் காட்டுயிர்த் துறை தவிர வேறு எதற்கும் திருப்ப மாட்டோம் என்று மாநிலம் முதலில் சட்டம் போட வேண்டும். போடாவிட்டால் மத்தியிலிருந்து காசு கிடையாது. மாநில அரசுகளின் கை எங்கே நீளும் என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும்! பலன் இன்று கண்முன் இருக்கிறது. வெள்ளைவால் மான் இப்போது சுமார் மூன்று கோடி. வான்கோழியும் திரும்பிவிட்டது.

சரி, அப்புறம் என்ன குறை? குறை அந்தப் பணம் வரும் வழியிலேயே இருக்கிறது. வேட்டைக்காரர் காசு கொடுக்கிறார், அதனால் வேட்டைக்காரருக்கு வேண்டிய மானும் வாத்தும் துறையின் செல்லப்பிள்ளைகள் ஆகின்றன. அந்தச் சட்டப்படி பணத்தைப் பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும்தான் செலவிடலாம். தவளைக்கு அதில் இடமில்லை, ஆற்றுச் சிப்பிக்கும் இல்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களில் பெரும்பாலானவை யாரும் சுட்டுச் சாப்பிடாதவை என்பதை யோசித்துப் பாருங்கள்.

போதாததற்கு வேட்டைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 2016 கணக்கெடுப்பில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேட்டையாடியவர் 1 கோடியே 15 லட்சம். இருபதில் ஒருவர்கூட இல்லை. ஆனால் வரி வருமானம் படுத்துவிடவில்லை, ஏறியது. காரணம் காடே இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பேச்சு எழும்போதெல்லாம் மக்கள் கடைக்கு ஓடினார்கள். 2013-இல் ஓடினார்கள், 2020-இல் பெருந்தொற்றும் கலவரமும் சேர்ந்தபோது இன்னும் அதிகமாக ஓடினார்கள். ஊருக்குள் பயத்தில் ஒருவர் வாங்கும் கைத்துப்பாக்கியிலிருந்து காட்டு வான்கோழிக்குப் பணம் போகிறது. நாட்டில் அமைதி திரும்பினால் காட்டுயிர்த் துறைக்குத் துண்டு விழும் என்றால், அந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது?

பறவை பார்க்கிறவர்களும் மலையேறுகிறவர்களும் ஏதாவது கொடுக்கட்டுமே என்று 1990-களில் ஒரு யோசனை வந்தது. முதுகுப்பை, கூடாரம், தொலைநோக்கி, பறவைத் தீனி மீதெல்லாம் சிறு வரி. அந்தச் சாமான்களைச் செய்கிற தொழில்துறை எதிர்த்தது, யோசனை செத்துப்போனது. இயற்கையை நேசிப்பதாக விளம்பரம் செய்கிறவர்கள்தான் எதிர்த்தார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். அழியும் உயிர்களுக்கென்று ஆண்டுக்கு 140 கோடி டாலர் அளவில் ஒதுக்கும் ஒரு மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறியது. மேலவையைத் தாண்டவில்லை.

பொதுநிலங்களின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பூங்காக்களுக்கு நிலம் வாங்க 1964-இல் ஒரு நிதியத்தைச் சட்டமாக்கினார்கள். அதற்குப் பெரும்பாலும் கடலடி எண்ணெய்க் கிணறுகள் தரும் உரிமத்தொகையே ஆதாரம். பின்னாளில் ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை என்று ஏடு சொன்னது. ஆனால் முழுத்தொகையும் ஒதுக்கப்பட்ட ஆண்டுகள் அபூர்வம். ஆண்டுக்காண்டு பேரம் பேசி, மிச்சத்தை வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2020-இல்தான் முழுத்தொகையும் தானாகவே போகும்படி சட்டம் வந்தது. அவர்களுடைய வனப்பணித் துறையில் 1995-இல் பட்ஜெட்டில் 16 சதவீதமாக இருந்த தீயணைப்புச் செலவு 2015-இல் பாதியைத் தாண்டியது. தீ அதிகம் எரிந்த ஆண்டுகளில், தீ வராமல் தடுக்கும் வேலைக்கு வைத்திருந்த பணத்தையே எடுத்துத் தீயணைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மிசூரி என்ற மாநிலம் 1976-இல் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தது. பொது வாக்கெடுப்பு நடத்தி, விற்பனை வரியாக, விலையில் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கைக் காட்டுயிர்த் துறைக்கு என்று அரசமைப்பிலேயே எழுதி வைத்தது. எட்டு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு சென்ட். சோப்பு வாங்குபவரும் கொடுக்கிறார், டயர் வாங்குபவரும் கொடுக்கிறார். யாருக்கும் வலிக்கவில்லை. துறையைக் கட்சி அரசியலிலிருந்து தள்ளி வைத்த ஒரு ஆணையம் அங்கே 1930-களிலிருந்தே இருந்தது, பணம் அதன் கைக்குப் போனது. எல்லோரும் கொஞ்சம் கொடுப்பதால் தனியாக யாரும் முதலாளி ஆக முடியவில்லை. அங்கே தவளைக்கும் பணம் உண்டு. 1996-இல் ஆர்கன்சா இதே வழியில் போனது, 2008-இல் மினசோட்டாவும் தன் அளவில் செய்தது. நான் பார்த்தவற்றில் உருப்படியான ஏற்பாடு இதுதான் என்பேன்.

இனி நம் ஊர். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு இங்கே வேட்டை இல்லை, ஆகவே வேட்டை உரிமக் கட்டணமும் இல்லை. நமக்கு வேறு ஒரு பணம் வந்து சேர்ந்தது. அதன் வேர் நம் நீலகிரியில், கூடலூரில் இருக்கிறது. அங்கே மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரு வழக்கு வளர்ந்து, நாட்டின் காடு முழுவதையும் நீதிமன்றமே மேற்பார்வை பார்க்கும் வழக்காக ஆனது. சுரங்கம், அணை, நெடுஞ்சாலை, மின்தடம் என்று எதற்குக் காட்டை எடுத்தாலும், வேறிடத்தில் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும், அழியும் காட்டின் விலையையும் கட்ட வேண்டும் என்று ஆனது. 2008-இல் அந்த விலை ஹெக்டேருக்கு 4.38 லட்சத்திலிருந்து 10.43 லட்சம் ரூபாய் வரை. சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு.

இதுதான் காம்பா நிதி, அதாவது போன காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்கும் நிதி. 2016-இல் தனிச் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் கைமாறியது. வனத்துறைகள் அதற்குமுன் கனவிலும் பார்க்காத தொகை.

இந்தப் பணம் எப்போது கூடும், எப்போது குறையும்? காடு அதிகம் போகும் ஆண்டில் கூடும். ஒரு மரமும் விழாத ஆண்டில் வற்றிவிடும். கதவையும் ஜன்னலையும் கழற்றி விற்ற காசில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற குடும்பம் போல இருக்கிறது இது. நிலத்தைத் தர ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டிய துறைக்கே அதனால் வரும் வருமானமும் போகிறது. அதிகாரிகளை நான் குறை சொல்லவில்லை. நல்லவர்களையும் இப்படி ஒரு இடத்தில் நிறுத்தக் கூடாது என்கிறேன்.

வெள்ளையடிப்பாவது ஒழுங்காக நடந்ததா? இந்தியத் தணிக்கைத் துறையின் 2013 அறிக்கையைப் பாருங்கள். 2006 முதல் 2012 வரை, போன காட்டுக்கு ஈடாக வனத்துறைக்கு வந்திருக்க வேண்டிய நிலம் 1,03,382 ஹெக்டேர். வந்தது 28,086. அந்த நிலத்தில் மரம் நட்டது 7,281 ஹெக்டேரில். உத்தராகண்டில் இந்த நிதியிலிருந்து ஐபோன், லேப்டாப், ஃப்ரிட்ஜ் வாங்கியதைத் தணிக்கை கண்டுபிடித்த செய்தியை 2025-இல் நீங்களே படித்திருப்பீர்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்த நிதியிலிருந்து துறையின் நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்கிறது 2018 விதி. கன்று நடலாம், வேலி போடலாம். ஆனால் காட்டுக்கு முதலில் வேண்டியது ஆள். காலிப் பணியிடத்தில் ஒரு வனக் காப்பாளரை நியமிக்க இத்தனை ஆயிரம் கோடியில் வழியில்லை.

அடுத்தது சுற்றுலா. புலிகள் காப்பகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அறக்கட்டளை இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் சவாரிக் கட்டணமும் அங்கேயே தங்கும். இதில் நல்லது உண்டு. தேக்கடியில் ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களே பிறகு பயணிகளுக்கு வழிகாட்டிகள் ஆனார்கள். ஆனால் இதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் சில மாதம் மையப்பகுதிச் சுற்றுலாவை நிறுத்தியது. 2020-இல் கிருமி நிறுத்தியது. அப்புறம், களக்காடு–முண்டந்துறையிலிருந்து தாமிரபரணி இறங்கி வருகிறது, அந்தத் தண்ணீரை நம்பி இரண்டு மாவட்டம் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் போனதும் புலி காட்டுகிற காடு இல்லை அது. டிக்கெட் வருமானத்தை வைத்து அளந்தால் அந்த மலைக்கு மதிப்பே கிடையாது.

மிச்சம் இருப்பது வழக்கமான பட்ஜெட் பணம். அதன் சிக்கல் தொகையைவிடத் தேதியில் இருக்கிறது. தென்னிந்தியக் காட்டில் தீ பிடிக்கிற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. நிதியாண்டு முடிவது மார்ச் 31. தீத்தடுப்புக் கோடு வெட்ட ஜனவரியிலேயே காசு வேண்டும், தீக் காவலுக்கு ஏப்ரலிலும் ஆள் வேண்டும். பழைய ஆண்டின் பணம் மார்ச்சில் காலாவதியாகும், புதிய ஆண்டின் முதல் தவணை மழைக்காலத்தில் வந்து சேர்வது புதிதல்ல. குரங்கணியில் 2018 மார்ச்சில் தீ வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீக்குப் பல காரணம் உண்டு, கணக்குத் தேதியைக் குற்றவாளியாக்க மாட்டேன். ஆனால் அந்த மாதத்தில் கஜானா மூடிக்கிடக்கும் ஏற்பாட்டை யார் நியாயப்படுத்த முடியும்? தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், அதாவது காட்டை உள்ளங்கை போலத் தெரிந்த பழங்குடி இளைஞர்கள், கடன் வாங்கி அரிசி வாங்கும் மாதங்களும் இவைதான்.

அப்படியானால் எங்கிருந்து எடுப்பது? கோஸ்டா ரிக்கா பெட்ரோல் வரியில் 3.5 சதவீதத்தைக் காட்டுக்கு ஒதுக்கியது. நாம் புது வரி போடவே வேண்டாம். 2015-இல் 14-ஆவது நிதிக்குழு, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15-ஆவது நிதிக்குழு அதை 10 சதவீதமாக்கியது. 2023-24-இல் மாநிலங்களுக்குப் போன வரிப்பங்கு 11 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பத்தில் ஒரு பங்கு என்றால் ஒரே ஆண்டில் 1 லட்சம் கோடிக்கு மேல். மேலே சொன்ன 47,436 கோடி பல ஆண்டு சேர்ந்த தொகை. இது ஆண்டுதோறும் வருகிறது, அதுவும் காடு நின்றுகொண்டிருப்பதற்காக வருகிறது.

ஆனால் அது மாநிலக் கஜானாவில் விழுந்ததும் காட்டின் பெயர் அதிலிருந்து அழிந்துவிடுகிறது. எந்த நிபந்தனையும் இல்லாத பணம், எதற்கும் போகலாம். நான் கேட்பது மிகச் சிறியது. அந்தக் காட்டுப் பங்கில் பத்தில் ஒன்றையாவது, மார்ச்சில் காலாவதியாகாத ஒரு நிதியில் தானாகவே சேரும்படி மாநிலச் சட்டம் வேண்டும். ஆள், தீ, ரோந்து, பயிர்ச்சேத இழப்பீடு, இந்த நான்குக்கும் அதிலிருந்து முதலில் கொடுக்க வேண்டும். காம்பாவை வருமானமாகக் கருதாமல் அபராதமாக வைத்துக்கொள்ளலாம், எங்கே காடு போனதோ அந்தக் காயத்தை ஆற்ற மட்டும். சுற்றுலாப் பணம் காட்டோர ஊர்களுக்குப் போகட்டும்.

நிதித்துறையில் இருப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். இப்படி ஒவ்வொரு துறைக்கும் தனிப்பெட்டி வைத்தால் பட்ஜெட் என்று ஒன்று எதற்கு என்பார்கள். பாதி நியாயம்தான். தனிப்பெட்டி துறையைக் கேள்வி கேட்க ஆளில்லாததாக ஆக்கும் என்பது இன்னும் பெரிய நியாயம், அதனால் கணக்கைக் கிராமசபை முன் வைக்க வேண்டும், பழங்குடிகள் உட்காரும் ஆணையம் வேண்டும். இன்னொரு தந்திரமும் நடக்கும். இந்தக் கையால் நிதியத்தில் போட்டு, அந்தக் கையால் பழைய ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள். அதற்குத்தான் 1937 நிபந்தனையைச் சொன்னேன். பழைய ஒதுக்கீடு குறைந்தால் புதிய பணம் நிற்கும் என்று எழுதிவிட வேண்டும்.

சட்டம் வர நாளாகும். அதுவரை வனத்துறை மானியக் கோரிக்கை வரும்போது உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். உங்கள் கோட்டத்தில் தீக் காவலர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதக் கூலி எந்தத் தேதியில், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து கொடுக்கப்பட்டது? மூன்று ஆண்டுக்குக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.