பாட்டிலில் பிடித்த கோசி

வணக்கம் மக்களே. கிழக்கு நேபாளத்தில் சத்ரா என்கிற ஊரில், கோசி ஆற்றங்கரையில் நிற்கிறேன். இரைச்சல் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை. இந்தக் காலி பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரை மொண்டுவிட்டேன். மழைக்காலம் என்பதால் பால் தூக்கலான டீ மாதிரி இருக்கிறது. இது அப்படியே இந்தப் பாறை மேல் இருக்கட்டும்.

சப்தகோசி என்று இதைச் சொல்வது ஏழு ஆறுகள் சேர்வதால். எவரெஸ்ட் பக்கத்துப் பனி உருகி வருவது தூத்கோசி. எனக்குப் பிடித்தது அருண். திபெத்தில் பிறந்து, இமயமலையையே குறுக்கே அறுத்துக்கொண்டு வருகிறது. மலை எழும்புவதற்கு முன்பே ஓடிய ஆறு, மலை உயர உயர இதுவும் அறுத்துக்கொண்டே வந்தது என்கிறார்கள். சுன்கோசி, அருண், தமோர் மூன்றும் திரிவேணியில் சேர்ந்து, ஒரு இடுக்கு வழியாகப் பாய்ந்து, இதோ இங்கே சமவெளிக்கு வருகின்றன.

கதையே இங்கேதான் ஆரம்பம். மலையில் சரிந்த மண்ணையெல்லாம் சுமந்து வந்த ஆறு, சரிவு குறைந்ததும் சுமையை இறக்கி வைக்கிறது. படுகை மேடாகிவிட்டால் வேறு பள்ளம் தேடிப் போகிறது. இருநூறு சொச்சம் வருடத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்திருக்கிறது! அதை ஓரிடத்தில் நிறுத்தத்தான் 1954இல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் போட்டன. இரு நாட்டு எல்லையோரத்துப் பீம்நகரில் 56 மதகுகளோடு தடுப்பணை வந்தது, இரண்டு பக்கமும் கரை எழுந்தது. சரி, மண் எங்கே போகும்? கரைகளுக்கு நடுவிலேயே படிந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளப் பக்கத்துக் குசஹா என்கிற ஊரில் கரை உடைந்தது. அன்றைக்கு வந்தது, தடுப்பணை தாங்கக்கூடிய வெள்ளத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு பழைய தடத்தில் இறங்க, பிஹாரில் லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

‘பிஹாரின் துயரம்’ என்று ஆற்றைத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கரையோரத்தில் மைதிலி மொழி பேசுகிறவர்கள் இன்னமும் ‘கோசி மையா’, அதாவது கோசித் தாய், என்றுதான் கும்பிடுகிறார்கள்.

அட, பாட்டிலை மறந்தே போனேன். பாருங்கள், அடியில் ஒரு விரல்கடைக்குச் சாம்பல் நிற வண்டல். வெயிலில் காட்டினால் மைக்கா மினுங்குகிறது. மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொள்கிறேன். அடுத்த வீடியோ பிஹாரில் இருக்கும் குர்சேலாவில், கோசி கங்கையில் கலக்கும் இடத்தில். அங்கேயும் ஒரு பாட்டில் பிடிப்போம்.