சீன் துணி பாடும் தம்பி!

நடுவர் அவர்களே, பெரியவங்களே, தாய்மார்களே, வணக்கம்.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் நாடகத்தை இன்னைக்குப் புதுசா மேடையேத்தணும்னா, காடு மலைன்னு படம் எழுதின சீன் துணி வேண்டாமாம்; பின்னாடி ஒரு கருப்புத் துணி, ஓரத்துல ஆர்மோனியம், மிருதங்கம் போதுமாம். எதிரணித் தம்பி உக்காரப் போறப்ப ஒண்ணு கேட்டாரு: "சீன் துணியா வந்து பாடப்போகுது?" நீங்களும் கை தட்டினீங்க.

பாடும் தம்பி. நான் கேட்டிருக்கேன்.

எங்க ஊர் பங்குனிப் பொங்கல், வள்ளி திருமணம் நாடகம். ராத்திரி பத்து மணிக்கு மேல. முன்னாடி சாக்கு விரிச்சு எங்க அப்பத்தா, மடியில நான். சிரிக்க வைக்கிற பபூன் வந்துட்டுப் போயிட்டாரு. கயித்தை விட்டாங்க பாருங்க, மூங்கில்ல சுத்தியிருந்த காட்டு சீன் சரசரன்னு இறங்குது. நீல நீலமா மலை, ஒரு அருவி, ரெண்டு மானு. அருவிக்கு நடுவுல ஒரு கிழிசல், அதைத் தச்ச நூலுகூடத் தெரியுது. அப்பத்தா எந்திரிச்சு நின்னுருச்சு. "கிழவி, உக்காரு"ன்னு பின்னாடி ஒரே சத்தம். காதுல வாங்கல. ரெண்டு கையும் தலைக்கு மேல: "முருகா!"

நடுவர் அவர்களே, முருகன் இன்னும் வரல. வள்ளி வரல. ஆர்மோனியக்காரர் வெத்தலை மடிச்சுக்கிட்டிருக்காரு. மேடை நடுவுல ஒரு ஆள் கிடையாது. திரும்பவும் சொல்றேன், ஒரு ஆள் கிடையாது! எங்க அப்பத்தா எதைக் கும்பிட்டுச்சு?

"மனசுல நினைச்சுப் பார்த்துக்க வேண்டியதுதானே"ன்னு தம்பி கேப்பாரு. எங்க ஊரு பொட்டக்காடு. கண்மாய்க்கரையை விட உசரமா எதையும் பார்க்காத மனுஷி எந்த மலையை நினைக்கும்?

நாடகக் கம்பெனி நடத்தின நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் எல்லாம் காட்சி ஜோடனைக்கே பேர் போனவங்க. அதை விடுங்க. கோவில்பட்டி கொண்டையராஜு தெரியுமில்ல? காலண்டர்ல சாமி படம் வரைஞ்சவரு. அதுக்கு முன்னாடி நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதினவரு. கம்பெனி கோவில்பட்டியில கலைஞ்சுச்சு, அங்கேயே தங்கிட்டாரு. நீங்க சட்டம் போட்டு மாட்டி சூடம் காட்டுறீங்களே, அந்த முகங்களை எழுதினது சீன் எழுதிப் பழகின கை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல மறைஞ்சாரு. வருஷா வருஷம் குருபூஜை நடத்துறோம், நடத்தணும். ஆனா அந்த அருவியை எழுதினவரு பேரு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.

விடிஞ்சு சீனைச் சுருட்டுறாங்க. அப்பத்தா மேடைக்குப் போச்சு. துணி ஓரத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. கையில நீலம் ஒட்டியிருந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் அது கையைக் கழுவல.

தம்பிகளா, வள்ளி திருமணம் போடுங்க. அந்த மலையையும் கட்டுங்க. முன்னாடி சாக்கு விரிச்சு யாராவது ஒரு அப்பத்தா உக்காந்திருக்கும்.