தாய்மாமன் யாருன்னு ப்ரோலாக் சொல்லிடுச்சு!

வணக்கம் மக்களே! இன்னிக்கு சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் வீடியோ போடறதா சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வாரம், ஏன்னா நேத்து ராத்திரி, ப்ரோலாக்ங்கற கம்ப்யூட்டர் மொழியில நான் எழுதின ப்ரோக்ராம் வேலை செஞ்சிடுச்சு, அதச் சொல்லாம என்னால இருக்க முடியல! மூணு வீடியோவா அதோட மல்லுக்கட்டினத பாத்திருப்பீங்க.

மத்த மொழியில இதைச் செய், அப்புறம் அதைச் செய்னு வரிசையா சொல்லணும். இதுல தெரிஞ்ச தகவலையும் விதியையும் எழுதி வெச்சுட்டு கேள்வி கேட்டா போதும், பதில அதுவே தேடும். 1972ல பிரான்ஸ்ல மார்செய்ல அலன் கொல்மரோயரும் ஃபிலிப் ரூசெலும் உருவாக்கினது. எனக்கு இந்த மொழி அவ்ளோ பிடிச்சிருக்கு.

அடுத்த மாசம் அக்கா கல்யாணம், தாய்மாமன் சீர் யார் யாரு செய்யணும்னு வீட்ல ஒரே பேச்சு. பாட்டி சொல்லச் சொல்ல எல்லா உறவையும் தமிழ் எழுத்துலயே டைப் பண்ணேன். விதி இதுதான், பிள்ளையோட அம்மாவுக்கு யாரு சகோதரனோ அவர்தான் தாய்மாமன்:

தாய்மாமன்(மாமன், பிள்ளை) :- தாய்(அம்மா, பிள்ளை), சகோதரன்(மாமன், அம்மா).

தாய்மாமன் யாருன்னு கேட்டா ஃபால்ஸ். திரும்பக் கேட்டாலும் ஃபால்ஸ். ரெண்டு ராத்திரி போச்சு! கடைசில என்னன்னா, இதுல வேரியபிள், அதாவது யாரு பேரு வேணா வந்து பொருந்தற காலி எடம், கேப்பிட்டல் எழுத்துல ஆரம்பிக்கணும், தமிழ்ல ஏது கேப்பிட்டல்? அதனால "மாமன்"னு நான் எழுதினத, மாமன்னு பேரு வெச்ச ஒரு ஆளுன்னு எடுத்துக்கிச்சு. முன்னாடி "_"னு அண்டர்ஸ்கோர் போட்டா வேரியபிள் ஆயிடும். அந்த ஒரே வரியில ஆறு எடத்துல அண்டர்ஸ்கோர் போட்டேன், என்டர் தட்டினேன், பெரிய மாமா பேரு வந்து நிக்குது! அடுத்த பதிலுக்கு செமிகோலன் தட்டினா நடு மாமா. அதே விதியத் திருப்பி, பெரிய மாமா யாருக்கெல்லாம் தாய்மாமன்னு கேட்டேன், எங்க மூணு பேரையும் சித்தி பசங்களையும் வரிசையா சொல்லுது, விதியில ஒரு எழுத்துகூட மாத்தல!

அய்யோ, சொல்ல மறந்துட்டேன், ப்ரோலாக்க ஓட்ட நான் போட்டிருக்கற சாஃப்ட்வேர் எஸ்டபிள்யூஐ ப்ரோலாக், இலவசம். செலவுன்னா ப்ராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல வாங்கின பழைய புத்தகம் மட்டுந்தான், 15 வெள்ளி சொன்னாங்க, பேசிப் பேசி 12 வெள்ளிக்கு வாங்கினேன், அட்டைகூட கிழியல!

ஆனா ஒண்ணு எனக்கு சுத்தமா பிடிக்கல. மலேசியா ஈப்போ மாமாவப் பத்தி கேட்டா ஃபால்ஸ்னு வருது. அவர் பாட்டிக்கு கடைசிப் பையன், நான்தான் அவர் பேர டைப் பண்ணாம விட்டிருக்கேன். ஃபால்ஸ்னா "இல்லவே இல்ல"ன்னு அர்த்தம் கெடயாது, "நீ குடுத்தத வெச்சு என்னால நிரூபிக்க முடியல", அவ்ளோதான். வீட்டு விஷயத்துல பரவால்ல, சட்டத்துல? லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ராபர்ட் கோவால்ஸ்கி, மாரெக் செர்காட்லாம் சேந்து 1981 பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்த ப்ரோலாக்ல எழுதினாங்க, 1986ல கட்டுரையா வந்துச்சு. அங்க பொறந்த குழந்தைக்கு, அப்பாவோ அம்மாவோ குடிமகனா இருந்தா, இல்ல அங்கயே நிலையா தங்கினவங்களா இருந்தா, குடியுரிமை உண்டு. இப்ப அப்பா யாருன்னு தகவலே இல்லன்னு வைங்க, அதுக்காக "அப்பா குடிமகன் இல்ல"ன்னு முடிவு கட்டிட முடியுமா? இந்த எடத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.

சரி, ஈப்போ மாமாவுக்கு ஒரு வரி சேத்து, கடைசில புள்ளி வெச்சு, மறுபடி ஓட்டினேன். செமிகோலன், செமிகோலன், மூணாவதா அவர் பேரு. பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி கண்ணாடியப் போட்டு ஸ்க்ரீன எட்டிப் பாத்துட்டு, "சின்னவனுக்கு இன்னும் பத்திரிகையே அனுப்பல பாரு, போன எடு"ன்னாங்க.