லில்லார்ட் ஏன் மியாமிக்குப் போகவில்லை? ஒரு சூப்பர் ஸ்டார் டிரேடின் கணக்கு

[திரையில்: அமெரிக்க வரைபடம். வடமேற்கு மூலையில் போர்ட்லாந்து, தென்கிழக்கு மூலையில் மியாமி. தேதி: 2023 ஜூலை 1.]

வணக்கம். இந்த இரண்டு ஊர்களையும் பாருங்கள். நாட்டின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் அணிக்காகப் பதினொரு சீசன் ஆடிய டேமியன் லில்லார்ட், 2023 ஜூலை 1 அன்று தன்னை டிரேடு செய்துவிடும்படி, அதாவது வேறு அணிக்கு மாற்றிவிடும்படி, நிர்வாகத்திடம் கேட்டார். எங்கே போக வேண்டும் என்பதிலும் அவருக்குக் குழப்பமே இல்லை. மியாமி ஹீட். வேறு அணி வேண்டாம்.

மியாமிக்கும் அவர் தேவைப்பட்டார். மூன்று வாரம் முன்புதான் என்பிஏ இறுதிச் சுற்றில் டென்வரிடம் 4-1 என்று தோற்றிருந்தார்கள். தடுப்பாட்டத்தில் குறையில்லை, புள்ளி சேர்க்கத்தான் ஆள் போதவில்லை. லில்லார்டோ அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.2 புள்ளிகள் எடுத்தவர். பிப்ரவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71.

ஆட்டக்காரருக்கு அணி பிடித்திருக்கிறது, அணிக்கு ஆட்டக்காரர் பிடித்திருக்கிறது. அப்படியானால் வாய்ப்பு எத்தனை சதவீதம்? அந்த வாரம் ரசிகர்களைக் கேட்டிருந்தால் தொண்ணூறுக்குக் குறையாமல் சொல்லியிருப்பார்கள். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் மில்வாக்கி.

[திரையில்: மூன்று அணிகளின் சின்னங்கள். லில்லார்டின் படம் மியாமி பக்கம் நகர்ந்து, நடுவழியில் திரும்புகிறது.]

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஐரோப்பியக் கால்பந்தில், "இவ்வளவு கோடி தருகிறேன், ஆளைக் கொடு" என்று கேட்கலாம். என்பிஏவில் அந்தக் கதை நடக்காது. ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு; அதைத் தாண்டிய அணி ஒருவரை வாங்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட அதே அளவு சம்பளம் வாங்கும் ஆட்களை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். 2023-24 சீசனுக்கு அந்த வரம்பு 13.6 கோடி டாலர். மியாமி அதை எப்போதோ தாண்டியிருந்தது.

லில்லார்டின் அந்த வருடச் சம்பளம் சுமார் 4.56 கோடி டாலர். மியாமியிடம் டைலர் ஹீரோ இருந்தார், 2.7 கோடி. டங்கன் ராபின்சன், 1.8 கோடி. கூட்டினால் 4.5. போதும், விதி இடம் கொடுக்கிறது. ராபின்சனுக்குப் பதிலாக, ஒரே வருடம் மிச்சமிருந்த கைல் லவ்ரியின் ஒப்பந்தத்தைச் சேர்த்தாலும் கணக்கு வரும்.

இணையத்தில் டிரேடு மெஷின் என்று சில தளங்கள் இருக்கின்றன. இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்து ஆட்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினால், 'டிரேடு செல்லும்' என்று பச்சை விளக்கு காட்டும். அந்தக் கோடையில் மியாமி ரசிகர்கள் அதில்தான் குடியிருந்தார்கள். அந்தப் பச்சை விளக்குக்கு ஒரே அர்த்தம்தான்: விதிமீறல் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும் என்பதை எந்த மெஷினும் சொல்லாது.

சரி, எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் யார்? போர்ட்லாந்தின் பொது மேலாளர் ஜோ குரோனின். அவர் இடத்தில் நின்று பார்ப்போம்.

[திரையில்: போர்ட்லாந்து அணிப் பட்டியல். மூன்று பெயர்கள் மஞ்சளில்: ஸ்கூட் ஹெண்டர்சன், ஆன்ஃபெர்னி சைமன்ஸ், ஷேடன் ஷார்ப்.]

லில்லார்ட் டிரேடு கேட்பதற்கு ஒன்பது நாள் முன்புதான் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது ஆளாக ஸ்கூட் ஹெண்டர்சனை எடுத்திருந்தார்கள். பத்தொன்பது வயதுப் பாயின்ட் கார்ட், பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துகிறவர். முந்தைய வருடம் ஏழாவதாக எடுத்த ஷேடன் ஷார்ப் இருக்கிறார். சைமன்ஸுக்கு 2022ல்தான் நான்கு வருடத்துக்குப் பத்து கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். மூவரும் கார்ட் இடத்தில் ஆடுகிறவர்கள், மூவரும் இளைஞர்கள்.

இப்போது மியாமி நீட்டும் முக்கியமான ஆளைப் பாருங்கள். டைலர் ஹீரோ, 23 வயது, சராசரி 20 புள்ளி எடுப்பவர். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவரும் கார்ட். நான்கு வருட ஒப்பந்தம் அப்போதுதான் தொடங்குகிறது. குரோனினுக்கு நான்காவதாக ஒரு கார்ட் எதற்கு?

போதாக்குறைக்கு, ஹீரோவின் கை 2023 பிளே-ஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் ஆட்டத்திலேயே உடைந்தது. அவர் இல்லாமலேயே மியாமி இறுதிச் சுற்று வரை போனது. அணிக்குப் பெருமை, விற்பனைக்கு இடி. "இவர் இல்லாமலே நீங்கள் அவ்வளவு தூரம் போனீர்களே" என்று யாரும் கேட்கலாம் அல்லவா?

ஹீரோவை மூன்றாவது அணிக்கு அனுப்பி, அங்கிருந்து வேறு ஏதாவது வாங்கிப் போர்ட்லாந்துக்குக் கொடுக்கலாம் என்பதுதான் திட்டம். அப்படித் தாராளமாகக் கொடுக்க மூன்றாவது அணி ஒன்று வர வேண்டுமே. வரவில்லை.

அப்புறம் டிராஃப்ட் பிக். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் கணிப்பில் மியாமியின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருந்தது.

ஒவ்வொரு ஜூனிலும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் பிக். அதை ஏழு வருடம் முன்னதாகவே கைமாற்றலாம். முதல் சுற்று பிக் என்றால் நல்ல விலை. ஆனால் தொடர்ந்து வரும் இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் எந்த அணியும் தன்னைக் காலியாக்கிக்கொள்ளக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணி உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்து அணியைச் சீரழித்ததால் வந்த விதி இது. அவர் பெயரிலேயே ஸ்டெபியன் விதி என்கிறார்கள். ஒரு மனிதருக்கு இப்படியும் புகழ் வரலாம்.

மியாமிக்கு இந்த விதி எங்கே இடித்தது? 2019ல் ஜிம்மி பட்லரைக் கொண்டுவந்த டிரேடில் ஒரு முதல் சுற்று பிக்கை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். கிளிப்பர்ஸ் அதை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது. பிறகு பேசி, அது 2025க்குத் தள்ளிப்போனது. 2025ல் கைமாறாவிட்டால் 2026ல் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆக, 2025ஆ 2026ஆ என்று தெரியாத ஒரு கடன். அதனால் அக்கம்பக்கத்து வருடங்களையும் தொட முடியாது. உறுதியாகக் கொடுக்க முடிந்தவை 2028, 2030 என்று இரண்டுதான்.

சரி, இரண்டு பிக் இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கே ஒரு வேடிக்கை. மியாமி நன்றாக நடத்தப்படும் அணி. பேட் ரைலி தலைவர், எரிக் ஸ்போல்ஸ்ட்ரா பயிற்சியாளர். அவர்கள் இருக்கும்வரை அணி அடிமட்டத்துக்குப் போகாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அப்படியானால் அந்த பிக் வரிசையில் இருபதாவதாகவோ இருபத்தைந்தாவதாகவோதான் வரும். அந்த இடத்தில் பெரிய ஆள் கிடைப்பது அபூர்வம். நீங்கள் எவ்வளவு திறமையாக அணியை நடத்துகிறீர்களோ, உங்கள் பிக்கின் மதிப்பு அவ்வளவு குறைகிறது! பிக்கை வாங்குகிறவர் நீங்கள் சரிந்து விழும் நாளுக்குத்தான் பணம் கட்டுகிறார்.

[திரையில்: லில்லார்டின் ஒப்பந்தம், ஒரு நீளப் பட்டை. 2023-24 முதல் 2026-27 வரை.]

"அதெல்லாம் சரி, அவர்தான் மியாமி மட்டும் என்று சொல்லிவிட்டாரே? போர்ட்லாந்து வேறு எங்கே விற்க முடியும்?" மியாமியும் இதைத்தான் நம்பியது.

ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு எவ்வளவு எடை என்பதை ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருடங்கள்தான் தீர்மானிக்கின்றன. 2010ல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மியாமிக்கு வந்தபோது இருவரின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. அங்கே ஆட்டக்காரர் வைத்ததுதான் சட்டம். 2019ல் ஆன்டனி டேவிஸ் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போக விரும்பியபோது ஒரு வருடமே உறுதியாக இருந்தது. "வாங்கினால் அடுத்த வருடம் கிளம்பிவிடுவார்" என்ற பயத்தில் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். அப்படியும் லேக்கர்ஸ் சும்மா வாங்கிவிடவில்லை. பிராண்டன் இங்ரம், லான்சோ பால், ஜாஷ் ஹார்ட், கூடவே அந்த வருடத்து நான்காவது இடம் உட்பட மூன்று முதல் சுற்று பிக் கொடுத்தார்கள்.

அந்தப் பயமும் எல்லோருக்கும் வருவதில்லை. கவாய் லெனர்ட் 2018ல் லாஸ் ஏஞ்சலிஸ் போகத்தான் ஆசைப்பட்டார். டொராண்டோ துணிந்து வாங்கியது. ஒரே ஒரு சீசன் ஆடினார், 2019ல் கோப்பை வந்தது, அவரும் கிளம்பினார். டொராண்டோவில் அதற்காக வருத்தப்படுகிறவரை நான் பார்த்ததில்லை.

லில்லார்டுக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி. வாங்குகிற அணிக்கு அவர் ஓடிவிடுவார் என்ற பயமே தேவையில்லை. கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் சம்பளம். அதை விட்டுவிட்டு யார் வீட்டில் உட்காருவார்கள்? அவருடைய முகவர் ஏரன் குட்வின் மற்ற அணிகளிடம், வாங்கினால் மனசில்லாத ஆளைத்தான் வாங்குவீர்கள் என்கிற தொனியில் பேசிப் பார்த்தார். ஜூலை கடைசியில் என்பிஏ எல்லா அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: இனி இப்படிப் பேசினால் ஆட்டக்காரர் மீதும் முகவர் மீதும் நடவடிக்கை வரும். மிரட்டல் அதோடு பிசுபிசுத்தது.

உண்மையாகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால், 'என் சம்மதம் இல்லாமல் டிரேடு கூடாது' என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அப்போது என்பிஏவில் அது பிராட்லி பீல் ஒருவரிடம்தான் இருந்தது. அதே ஜூனில் அவர் பீனிக்ஸ் என்றார்; வாஷிங்டன் முதல் சுற்று பிக் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்காமல் அவரை அனுப்பிவைத்தது. லில்லார்ட் கேட்டது ஆசை, பீல் காட்டியது கையெழுத்து.

குரோனின் ஜூலையிலேயே சொல்லிவிட்டார், மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருப்போம் என்று. மியாமியும் காத்திருந்தது. போட்டியே இல்லாத ஏலத்தில் தொகையை யார் ஏற்றுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஓட்டை ஒன்றுதான்: போட்டிக்கு ஆள் வராது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

[திரையில்: 2023 செப்டம்பர் 27.]

மில்வாக்கி அணியின் நட்சத்திரம் யானிஸ் ஆண்டெட்டோகூன்போ பொறுமை இழந்திருந்தார். அந்த வருடம் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்துவிட்டு, முதல் சுற்றிலேயே 4-1 என்று தோற்றிருந்தார்கள். யாரிடம்? மியாமியிடம்தான். கோப்பைக்காக எல்லோரும் முனைப்போடு இருக்கிறார்களா என்று தெரியாமல் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்று ஆகஸ்டில் யானிஸ் பேட்டி கொடுத்தார். ஒரு வகையில், மியாமியே தன் போட்டியாளரை உருவாக்கிவிட்டது.

மில்வாக்கி கொடுத்தது ஜூரூ ஹாலிடே, 2029 முதல் சுற்று பிக், 2028லும் 2030லும் போர்ட்லாந்து விரும்பினால் தன் பிக்கைக் கொடுத்து மில்வாக்கியின் பிக்கை எடுத்துக்கொள்ளும் உரிமை. மூன்றாவது அணியாகப் பீனிக்ஸ் சேர்ந்து டியாண்ட்ரே ஏட்டனையும் டுமானி கமாராவையும் போர்ட்லாந்துக்கு அனுப்பியது. நான்கே நாளில் போர்ட்லாந்து ஹாலிடேயைப் பாஸ்டனுக்குக் கைமாற்றி, மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், மேலும் இரண்டு முதல் சுற்று பிக் வாங்கிக்கொண்டது.

அந்த 2028, 2029, 2030 என்ற வருடங்களைக் கவனியுங்கள். அப்போது லில்லார்டுக்கு 37 வயதுக்கு மேல், யானிஸுக்கு 33க்கு மேல். மில்வாக்கி சரிந்து கிடக்கும் காலம் என்று குரோனின் பந்தயம் கட்டினார். மியாமியின் பிக் பற்றி அப்படி ஒரு பந்தயம் கட்ட யாருக்கும் தைரியம் இல்லை.

[திரையில்: 2024, 2025.]

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலிடேயோடு பாஸ்டன் 2024ல் கோப்பை வென்றது. வழியில் முதல் சுற்றில் மியாமியைத்தான் 4-1 என்று வெளியே அனுப்பியது. லில்லார்டும் யானிஸும் சேர்ந்து இரண்டு சீசனிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை, இரண்டு முறையும் இண்டியானாவிடம் தோல்வி. 2025 ஏப்ரலில் லில்லார்டின் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் மில்வாக்கி அவரை விடுவித்து, பாக்கிச் சம்பளத்தை ஐந்து வருடத்துக்குப் பரப்பியது. அவர் மூன்று வருடத்துக்கு 4.2 கோடி டாலருக்குப் போர்ட்லாந்துக்கே திரும்பினார், இந்த முறை டிரேடு தடை விதியோடு. அதே கோடையில் ஹாலிடேயும் போர்ட்லாந்துக்கே வந்து சேர்ந்தார்.

மியாமி தப்பித்தது என்று இப்போது சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தசைநார் அறுபடும் என்று 2023ல் யாருக்கும் தெரியாது. வாங்க நினைத்த ஆளை வாங்க முடியாமல் போனது தோல்விதான். அது பின்னால் லாபமானது அதிர்ஷ்டம்.

மில்வாக்கியின் கணக்கில் இன்றும் லில்லார்ட் பெயரில் வருடத்துக்கு சுமார் 2.25 கோடி டாலர் ஏறிக்கொண்டிருக்கிறது, 2029-30 சீசன் வரை ஏறும். அந்த 2029 பிக்கும் இரண்டு மாற்று உரிமைகளும் இன்னும் எந்த ஆட்டக்காரராகவும் மாறவில்லை. 2028 ஜூனில்தான் முதல் தவணை.