எத்தனை நாள் உப்புசம்?

நேயர்களுக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களில் 31 வருஷம் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவம், தடுப்பூசி, இரத்தசோகை என்று எத்தனையோ விஷயங்களை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குப் பேச வந்தது, அத்தனை வருஷமும் நான் சரியாகக் காது கொடுக்காமல் விட்ட ஒன்றைப் பற்றி. பெண்களுக்கு வருகிற வயிற்று உப்புசம், அடிவயிற்றில் கனம், இன்னதென்று சொல்லத் தெரியாத வலி.

நம் பக்கத்தில் இதற்கு ஒரே பெயர்தான். வாய்வு. மொச்சை சாப்பிட்டேன், வாழைக்காய் சாப்பிட்டேன், அதான் பிடித்துக்கொண்டது என்போம். ஓமத்தண்ணீர் குடிப்போம், மோரில் பெருங்காயம் கரைத்துக் குடிப்போம், கேட்கவில்லை என்றால் மெடிக்கலில் கேஸ் மாத்திரை. பலருக்கு அதிலேயே சரியாகிவிடும், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்வு என்று பெயர் வைத்த பிறகு யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வலிக்கிறவரும் கேட்பதில்லை, வீட்டில் இருப்பவர்களும் கேட்பதில்லை, வரிசையில் நூறு பேர் நிற்கும்போது டாக்டருக்கும் கேட்க நேரம் இருப்பதில்லை.

என் அண்ணிக்கு அதுதான் நடந்தது. வலங்கைமான் பக்கம் அவர் வீடு. அப்போது 54 வயது, மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. குறுவை நடவு நேரத்தில் ஒருநாள், "வயிறு கல்லு மாதிரி இருக்கு, குனியவே முடியல" என்றார். ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னது நான்தான். அறுப்பு முடிந்தும் அது போகவில்லை. ஒரு கிளினிக்கில் மூன்று தடவை கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தீபாவளிக்குப் போயிருந்தபோதுதான் நானே பார்த்தேன். நாலு இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றரை இட்லியோடு தட்டை நகர்த்திவிட்டார். அப்புறம் அவரே சொன்னார்: "ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு, பாவாடை நாடா மட்டும் எட்ட மாட்டேங்குது." உடம்பு இளைக்கிறது, வயிறு மட்டும் பெருக்கிறது. எனக்குப் பகீரென்றது.

மறுவாரம் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் நீர் கோத்திருந்தது, கருமுட்டை உருவாகிற சினைப்பையில் இடது பக்கம் கட்டி. புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் பார்த்து நாலு வருஷம் இருந்தார். ஐந்து மாதம் முன்னாலேயே கூட்டிப்போயிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் இருந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஐந்து மாதத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு உப்புசம் என்றாலே புற்றுநோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். உப்புசம் வருகிற பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஆனால் சினைப்பை இருக்கிற இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய பாதாம்பருப்பு அளவுதான் அது. இடுப்புக் கூட்டுக்குள் ஆழத்தில், குடலுக்கும் மூத்திரப்பைக்கும் அண்டைவீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதில் கோளாறு வந்தால் முதலில் சத்தம் போடுவது அந்த அண்டைவீட்டுக்காரர்கள்தான். அதனால்தான் எல்லாமே வயிற்றுக் கோளாறு போலவும் நீர்க்கடுப்பு போலவும் தெரிகிறது. வடிகால் அடைத்துப்போன வயலில் தண்ணீர் நிற்குமே, அதுபோல வயிற்றில் நீரும் சேரும்.

மருத்துவர்கள் கவனிக்கச் சொல்லும் அறிகுறிகள் நான்கு. வயிறு உப்பியே இருப்பது. அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது. அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது. இவை யாருக்கும் வரக்கூடியவைதானே என்று கேட்பீர்கள். சரிதான். அதனால்தான் கணக்கு முக்கியம். இதற்கு முன் இல்லாமல், இந்த ஒரு வருஷத்துக்குள் புதிதாக வந்ததா? மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்றால் அதை வாய்வு என்று விட்டுவிடக் கூடாது. பிரிட்டனில் 2011-இலேயே இந்த அறிகுறிகளையும் 12 என்ற கணக்கையும் மருத்துவர்களுக்கான வழிகாட்டு நெறியாக எழுதிவைத்தார்கள். அதுவும் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இப்படி இருந்தால் முதலில் சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை, சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது அது. அந்த அளவு 35-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஸ்கேன் என்று அதில் சொன்னார்கள். குடல் எரிச்சல் நோய் என்று சொல்வார்களே ஐபிஎஸ், அது 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்குவது அபூர்வம் என்றும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

சிஏ 125 தனியாக எதையும் முடிவு செய்துவிடாது. கர்ப்பப்பைக் கட்டி இருந்தாலும் ஏறும், மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கலாம். ரிப்போர்ட்டை நீங்களே படித்துவிட்டு அழவும் வேண்டாம், நிம்மதியாகப் படுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. "போன வருஷந்தான் கர்ப்பப்பை டெஸ்ட் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அது கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் பரிசோதனை. அவசியம் செய்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் சினைப்பை அதில் தெரியாது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் பல சமயம் சினைப்பை உள்ளேதான் இருக்கும். எல்லாப் பெண்களுக்கும் முன்கூட்டியே பரிசோதித்து சினைப்பைப் புற்றுநோயைப் பிடிக்க முடியுமா என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். 2021-இல் வந்த முடிவில், அப்படிப் பரிசோதித்ததால் இறப்பு குறையவில்லை. ஆகவே தன் உடம்பில் வந்த மாற்றத்தை அந்தப் பெண்ணே கவனித்துச் சொல்வதைத்தான் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சரி, வயது குறைந்தவர்களுக்கு? அவர்களுக்கு வேறு காரணங்கள் அதிகம். மாதவிலக்கு வரும்போதெல்லாம் சுருண்டு படுக்கிற வலி, மலம் கழிக்கும்போது வலி, கணவனோடு சேரும்போது வலி, அந்த நாட்களில் வயிறு ஊதிப்போவது. இதெல்லாம் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது அது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்குப் பெயர் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிவிடுகிறது, சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். "பொம்பளன்னா வலிக்கத்தான் செய்யும், கல்யாணமானா சரியாயிடும்" என்று நானே பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைக்கிற வலிக்கு வைத்தியம் உண்டு.

அப்புறம் நம் வயல் வேலை. விடியற்காலையில் நடவுக்கு இறங்கினால் மதியம்வரை ஒதுங்க இடம் கிடையாது என்று தண்ணீரே குடிக்காமல் போகிறார்கள். நீர்த்தாரைத் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, வயிற்றில் நீர் என்றால் வயிற்றுக் காசநோயாகவும் இருக்கலாம். பார்ப்பதற்கு அச்சு அசல் சினைப்பைப் புற்றுநோய் மாதிரியே இருக்கும், சிஏ 125-உம் ஏறும். சதைப் பரிசோதனையோ வயிற்றில் கோத்த நீரின் பரிசோதனையோ செய்துதான் பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். காரணம் தெரியாமலே "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், எதற்காக என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீர் வலியோடு மயக்கம் வந்தாலும், வாந்தியோடு மலமும் காற்றும் அடைத்துக்கொண்டாலும் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு அதில்தான் இருக்கும், சிலிண்டர் மாற்றிய தேதி, நடவு ஆள் கணக்கு எல்லாம் அதில்தான். உப்புசம் இருந்த நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். வலி இருந்தால் அதற்கும் ஒன்று. படிக்கத் தெரியாதவரும் புள்ளி வைக்கலாம். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையே கொண்டுபோய், "இந்த மாசம் 15 நாள் இருந்துச்சு, ஆறு மாசமாத்தான் இப்படி" என்று சொல்லுங்கள். வாய்வு என்று சொன்னால் மாத்திரை வரும். 15 நாள் என்று சொன்னால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்.

ஸ்கேன் என்றால் நம் அம்மாக்களுக்கு ஒரே கூச்சம். "இந்த வயசுல எனக்கென்ன புள்ளையா குட்டியா, ஸ்கேன் எடுக்க?" என்பார்கள். கூடத் துணைக்குப் போங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு போகாமல் அங்கே போய்த் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையிலும் மகப்பேறு மட்டுமல்ல, பெண்கள் நோய்ப் பிரிவும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதற்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஒரு பெண் காலண்டர் தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். 49 வயது. பால் கணக்குக்குப் பக்கத்திலேயே 17 சிவப்புப் புள்ளிகள். என்னவென்று இன்னும் தெரியாது. வெறும் மலச்சிக்கலாகவும் இருக்கலாம். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் அவரோடு நானும் திருவாரூர் போகிறேன்.

வணக்கம்.