தண்ணீருக்கு அடியில் யாரும் பேசுவதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். அதற்குள் ஒரு புதையல், மூழ்கிய கப்பல்கள் மூன்று நான்கு, ஒரு பெரிய கடல் விலாங்கு, எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆரம்பித்துவிடுகிறேன்.

1977ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ‘தி டீப்’ என்று ஒரு படம் வெளியானது. ஆழம் என்று பொருள். இதை நான் முதல்முறை பார்த்தது ஒரு வீடியோ கேசட்டில். நண்பர் கொடுத்தது. அவருக்கு முன் எத்தனை பேர் கைக்குப் போய் வந்ததோ, படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. தொலைக்காட்சியைத் தட்டிப் பார்த்தேன், ஒயரைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி, வந்த வரைக்கும் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பார்த்தேன். பிரமாதமான படம் என்று அடுத்த நாள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

சில ஆண்டுகள் கழித்து அதே படத்தைச் சத்தத்தோடு பார்க்க வாய்த்தது. அப்போதுதான் தெரிந்தது, அதில் இரண்டு படம் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் ஒன்று, மேலே ஒன்று. அடியில் இருக்கிற படம் அற்புதம். மேலே வந்து வாயைத் திறந்தார்களோ, போச்சு. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான். நடுவில் ரேடியோவைப் போட்டவர்களுக்காக இன்னும் இரண்டு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எளிது. பெர்முடா தீவுக்கு விடுமுறைக்கு வந்த ஒரு ஜோடி. நிக் நோல்டியும் ஜாக்குலின் பிசெட்டும். கடலில் முக்குளித்து விளையாடும்போது மூழ்கிக் கிடக்கும் கப்பலில் ஒரு பழைய பதக்கமும், மருந்து அடைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் கிடைக்கின்றன. பதக்கம் ஸ்பெயின் நாட்டுப் புதையலில் சேர்ந்தது. குப்பியில் இருப்பது மார்ஃபின், வலியைப் போக்கும் மருந்து, போதைப்பொருளும்கூட. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்று, அதைவிடப் பழைய ஸ்பானியக் கப்பலுக்கு மேலேயே மூழ்கிக் கிடக்கிறது. புதையலைத் தேடுகிறவர்கள் ஒரு பக்கம், மார்ஃபினைத் தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் கலங்கரை விளக்கில் குடியிருக்கும் ஒரு முரட்டுக் கிழவர். அவராக நடித்தவர் ராபர்ட் ஷா. இரண்டு ஆண்டுக்கு முன்னால் ‘ஜாஸ்’ படத்தில் சுறா பிடிக்கப் போனாரே, அவரேதான். அந்தக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லிதான் இந்தக் கதையையும் எழுதியவர். இயக்கியது பீட்டர் யேட்ஸ்.

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன். ஒலி.

ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்துத் தலையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளிக்கும்போது செய்து பார்த்திருப்பீர்கள். வெளியே யாரோ பாத்திரத்தைத் தட்டினால், அந்தச் சத்தம் உங்கள் மண்டைக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. தண்ணீரில் சுமார் 1500 மீட்டர். ஒரு காதுக்கு முதலில், மறு காதுக்குக் கொஞ்சம் தாமதமாக என்று வருகிற அந்தச் சின்ன இடைவெளியை வைத்துத்தான் நாம் திசையைச் சொல்கிறோம். தண்ணீருக்குள் அந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிடுகிறது. அதனால் முக்குளிப்பவருக்குப் படகுச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. ஒரு திகில் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. அந்தப் பெண் ஒரு குச்சியை மூழ்கிய கப்பலின் ஓட்டைக்குள் விட்டுத் துழாவுகிறாள். குச்சியின் வார் அவள் மணிக்கட்டில் மாட்டியிருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று குச்சியைப் பிடித்து இழுக்கிறது. கை தோள் வரைக்கும் உள்ளே போகிறது. இழுப்பது எது என்று நமக்குக் காட்டுவதே இல்லை. சத்தமில்லாமல் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சத்தத்தோடு பார்க்கும்போது கூடுதலாக வருவது என்ன? அவளுடைய மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு சீறல், வெளியே விடும்போது குமிழிகள் கொப்பளிக்கிற சத்தம். சீறல், கொப்பளிப்பு, சீறல், கொப்பளிப்பு. அது வேகமாக வேகமாக நம் மூச்சும் கூடவே ஓடுகிறது. முகத்தைக் கண்ணாடி மறைத்திருக்கிறது, வாயில் ரப்பர் குழாய், கத்த முடியாது. நடிப்பு முழுவதும் அந்த மூச்சில்தான். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இந்தப் படம் இடம்பெற்றது. பரிசு என்னவோ ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குப் போய்விட்டது. அதே கோடையில், மூன்று வாரம் முந்தி வந்து ஊரையே கட்டிப்போட்ட படம் அது. யாரைக் குறை சொல்ல?

இந்தக் காட்சிகளை எடுக்கத் தண்ணீருக்குள் போன ஒளிப்பதிவாளர்கள் அல் கிடிங்ஸும் ஸ்டான் வாட்டர்மேனும். நடிகர்களும் இறங்கினார்கள். கடல் காட்சிகள் பலவற்றை எடுத்தது பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், ஆர்எம்எஸ் ரோன் என்ற நிஜக் கப்பலின் சிதைவில். 1867 அக்டோபரில் சூறாவளியில் சிக்கி மூழ்கிய தபால் கப்பல். இன்னும் சிலவற்றை எடுக்கப் பெர்முடாவில் பத்து லட்சம் கேலன் தண்ணீர் பிடிக்கிற ஒரு தொட்டியைக் கட்டினார்கள்.

சரி, பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி கதையும் இயக்கமும் சிறுபிள்ளைத்தனம் என்று எழுதிவிட்டு, நீருக்கடியிலான காட்சிகளை மட்டும் மெச்சினார். கவனியுங்கள், நான் கேசட்டில் கண்டதும் அதே இரண்டு படம்தான். ஆனால் கூட்டம் அலைமோதியது. அமெரிக்காவில் மட்டும் 4 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் வசூல். அந்த ஆண்டின் முதல் பத்துப் படங்களில் ஒன்று.

கூட்டம் வந்ததற்கு ஒலியோ ஒளியோ மட்டும் காரணம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். படம் தொடங்கும்போது பிசெட் அணிந்திருந்த நனைந்த வெள்ளைச் சட்டை அதைவிடப் பெரிய விளம்பரமாக ஆக்கப்பட்டது. தன்னை அப்படி விற்றது அந்த நடிகைக்குப் பிடிக்கவில்லை. அதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். மணிக்கணக்கில் கடலுக்குள் கிடந்து நடித்தவரை ஒரு சட்டையை வைத்து மட்டும் நினைவில் வைத்திருப்பது அநியாயம் என்பது என் கட்சி.

இங்கே ஒரு கிளைக்கதை. இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

ராபர்ட் ஷா நடித்த அந்தக் கிழவருக்கு மூலம் பெர்முடாவில் நிஜமாகவே இருந்தார். பெயர் டெடி டக்கர். மூழ்கிய கப்பல்களைத் தேடுவதே வாழ்க்கையாக இருந்த மனிதர். 1955இல், 1594ஆம் ஆண்டில் மூழ்கிய சான் பெட்ரோ என்ற ஸ்பானியக் கப்பலின் சிதைவில் அவருக்கு ஒரு தங்கச் சிலுவை கிடைத்தது. ஏழு மரகதம் பதித்தது. நெஞ்சுக் குழியில் தொங்கவிடுகிற அளவு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அது பெர்முடா அரசின் கைக்குப் போய், காட்சிக்கு வைக்கப்பட்டது. மக்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

1975இல் எலிசபெத் ராணி பெர்முடாவுக்கு வந்தார். ராணிக்குக் காட்ட வேண்டும் என்று சிலுவையை எடுத்து வைத்தார்கள். டக்கர் வந்து பார்க்கிறார். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. இது அது இல்லை. யாரோ அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் பிளாஸ்டிக்! எப்போது நடந்தது, யார் செய்தது, ஒன்றும் தெரியவில்லை. இதுவரை அந்தச் சிலுவை கிடைக்கவில்லை. கடலுக்கு அடியில் 361 ஆண்டு கிடந்தபோது யாரும் தொடவில்லை, கரைக்கு வந்து இருபது ஆண்டில் காணாமல் போய்விட்டது. எத்தனை பேர் அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்து ஆஹா என்று சொல்லியிருப்பார்கள்! அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் கிழவரின் பிடிவாதம் புரியும். தங்கம் கிடைத்தாலும் அவருக்குப் போதாது. இது யாருக்காகச் செய்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்கிறார். அது இல்லாத பழைய நகை எடைக்குத்தான் போகும், இல்லையா?

மார்ஃபின் குப்பிக்கும் மூலம் இருக்கிறது. 1943இல் பெர்முடா அருகே கான்ஸ்டலேஷன் என்ற, நான்கு பாய்மரம் கொண்ட ஒரு கப்பல் மூழ்கியது. சிமெண்ட், விஸ்கி, கூடவே மருந்துக் குப்பிகள். சிமெண்ட் தண்ணீர் பட்டு இறுகி, மூட்டை மூட்டையாக அடுக்கிய நிலையிலேயே கல்லாகிக் கிடக்கிறது. சாக்கு மட்கிப் போயிருக்கும், மடிப்பு மட்டும் கல்லில் அப்படியே. பெஞ்ச்லியின் நாவலுக்குப் பொறி இங்கேதான்.

கையைக் காட்டுகிறார் தயாரிப்பாளர். நான்கு நிமிடம் என்கிறாரா, இரண்டா? இரண்டாம்.

அப்படியானால் விலாங்கை வேகமாக முடிக்கிறேன். படத்தில் மோரே என்கிற ராட்சத விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடும், பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். உண்மையில் அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். வாயை அசைத்தால்தான் செவுளுக்குத் தண்ணீர் போகும். ஆக, படத்தில் எல்லோரையும் பயமுறுத்துவதே மூச்சுதான், விலாங்கு உள்பட.

இன்று பார்க்கிறவர்கள் சொல்கிற இன்னொரு குறையையும் நான் ஒப்புக்கொள்கிறேன். லூயிஸ் காசெட் நல்ல நடிகர். அவருக்கும் அவர் கூட்டத்துக்கும் கொடுத்த வேலை, வெள்ளைக்கார ஜோடியை மிரட்டும் கறுப்பின வில்லன்கள் என்பதோடு நின்றுவிட்டது. அந்த மிரட்டல் காட்சிகள் இப்போது நெருடுகின்றன. அவையும் தண்ணீருக்கு மேலே நடப்பவைதான்.

2005இல் பஹாமாஸ் கடலில் எடுத்த ‘இன்டு தி ப்ளூ’ படத்தைப் பற்றி விரிவாகக் குறித்து வைத்திருந்தேன். நான்கு பக்கம். ஒரு வரியில் சொல்வதென்றால், அங்கேயும் புதையல் கப்பலுக்குப் பக்கத்திலேயே போதைப்பொருள், இந்தத் தடவை விழுந்து கிடக்கும் விமானத்தில். அங்கேயும் தண்ணீருக்குள் அழகு, மேலே வந்தால் வாய்ச்சண்டை. ஆனால் அதற்குக் கூட்டம் வரவில்லை, போட்ட பணம் திரையரங்கில் திரும்பவில்லை. ஏன் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு, அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன்.

‘தி டீப்’ கிடைத்தால் பாருங்கள். பேசுகிற இடங்களில் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் குச்சியை ஓட்டைக்குள் விடும்போது மட்டும் கூட்டி வையுங்கள்.

வணக்கம்.